வெண்மேக மலையின் கெண்டைப்பொடி

தென்சீனத்தின் குவாங்சோ நகரை ஒட்டி வடக்கே எழுவது பாய்யுன் எனும் வெண்மேக மலை. அதன் ஓடைகளில் விரல் நீளம்கூட வளராத கெண்டைப்பொடி ஒன்றைச் சாரணர் தலைவர் டான் கம் ஃபெய் கண்டெடுத்தார். மீனியலாளர் லின் ஷு-யென் 1932-இல் அதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதுவரை அறிந்த பேரினம் எதிலும் அது பொருந்தவில்லை. எனவே புதுப் பேரினமே வகுத்து, கண்டவர் பெயரையும் மலையின் பெயரையும் சேர்த்து 'டானிக்திஸ் அல்போனுபஸ்' என்று பெயரிட்டார்.

மீன் வளர்ப்போர் அதை விரைவில் கொண்டாடத் தொடங்கினர். சுமார் 4 செ.மீ. நீளம், பக்கவாட்டில் மினுங்கும் கோடு, சிவந்த வால். குளிர்ந்த நீரையும் தாங்கும் என்பதால் தொட்டிக்கு ஹீட்டர் வேண்டியதில்லை. செடிகளுக்கிடையே முட்டையிட்டு எளிதில் பெருகும். அமேசானிலிருந்து வந்த நியான் டெட்ரா எட்டாத விலையில் விற்ற காலத்தில், இதற்கு 'ஏழைகளின் நியான்' என்றே பெயர்.

உலகெங்கும் தொட்டிகளில் பெருகிய மீன், பிறந்த மலையில் அருகியது. சுற்றுலாவும் மாசும் ஓடைகளைக் கெடுத்தன. 1980-க்குப் பின் அங்கே அது தென்படவேயில்லை. இயற்கையில் அற்றுப்போனதாகவே பலர் கருதினர். பிறகுதான் குவாங்டோங் மாகாணத்தின் ஒதுக்குப்புற ஓடைகளிலும் ஹைனான் தீவிலும் சிறு கூட்டங்கள் கிடைத்தன.

இதற்கிடையே, அதன் உறவு முறையும் தெளிவாகிவந்தது. வியட்நாமிலிருந்து டானிக்திஸ் மைக்காஜெம்மே 2001-இலும், டானிக்திஸ் கூனெய் 2012-இலும் விவரிக்கப்பட்டன. லின் தனி இனமொன்றுக்காக வகுத்த பேரினம் இப்படிக் கிளைவிட்டது. கெண்டைகளின் பெருங்குடும்பமான சிப்ரினிடேயில் இவற்றை வைப்பதே நெடுங்கால வழக்கம். மரபணு ஒப்பீடுகள் அந்தப் பெருங்குடும்பத்தைப் பிரித்துக் காட்டின. 2018-இல் வெளியான வகைப்பாடு, டானிக்திடே என்ற தனிக் குடும்பத்தை ஏற்றது.

இந்த வகைப்பாட்டு வேலை ஆய்வேட்டோடு முடிவதில்லை. தனித்தனி ஓடைகளில் பிழைத்திருக்கும் கூட்டங்கள் மரபணு அளவில் ஒன்றிலிருந்து ஒன்று வெகுவாக விலகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஓர் ஓடை வற்றினால், வேறெங்கும் இல்லாத ஒரு மரபுவழியே போய்விடும். தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்த மீன்களைக் கொண்டுபோய் விட்டு அதை ஈடுகட்ட முடியாது. சீன அரசு 2021-இல் திருத்திய பாதுகாப்புப் பட்டியலில் இம்மீன் இரண்டாம் தரத்தில் உள்ளது. அந்தப் பாதுகாப்பு இயற்கையில் வாழும் கூட்டங்களுக்கு மட்டுமே உரியது.