ஒரே கூரையின் கீழ்க் கல்வி

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், 1927-ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மைக்கிள்ஜான் என்னும் பேராசிரியர் 'சோதனைக் கல்லூரி' ஒன்றைத் தொடங்கினார். முதல் ஈராண்டு மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கினர். ஆசிரியர்களின் அறைகளும் அங்கேயே இருந்தன. மாணவர் சேர்க்கை குறைந்து, 1932-இல் கல்லூரி மூடப்பட்டது. கருத்தோ நிலைத்தது.

இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் ஒரே விடுதியில் தங்கி, கணிதமும் பௌதிகமும் சேர்ந்து படிக்கின்றனர். முதலாண்டிலேயே மனந்தளர்ந்து படிப்பைக் கைவிடுவோர் உண்டு. அவர்களைத் தாங்கவே இந்த ஏற்பாடு. வகுப்பில் கேட்கக் கூசுபவனும் பக்கத்து அறைத் தோழனிடம் கேட்டுவிடுவான்.

லயத்தில் ஒன்றாய் வாழ்ந்து பழகிய நமக்கு இதன் அருமை தெரியும். பல்கலைக்கழகம் புறப்படும் பிள்ளையிடம், "நாலு பேரோடு சேர்ந்து படி, கேட்க வெட்கப்படாதே" என்று சொல்லி அனுப்புவோம்.