பூச்சி வலியும் குடல்வாலும்

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால், அந்தக் காலத்தில் நம் வீடுகளில் தீர்ப்பு ஒன்றுதான்: "வயித்துல பூச்சி." தண்டனையும் ஒன்றுதான்: விளக்கெண்ணெய். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றிவிடுவார்கள். பெரும்பாலும் வலி போய்விடும். சிலருக்குப் போகாது. அந்தச் சிலரை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பெருங்குடல் தொடங்கும் இடத்தில் சுண்டுவிரல் போலத் தொங்குவது குடல்வால். நாம் 'அப்பெண்டிக்ஸ்' என்கிறோம். அதன் வாய் அடைபட்டால் உள்ளே வீங்கிச் சீழ் பிடிக்கும்; வெடித்தும் போகலாம். 1886-ல் இந்த நோய்க்குப் பெயர் வைத்து, காலம் தாழ்த்தாமல் அறுவை செய்யவேண்டும் என்று சொன்னவர் பாஸ்டன் மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ். 1902 ஜூன் மாதம் நடக்கவேண்டிய ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனதும் இந்த நோயால்தான்.

நம் நாட்டில் இதைப் பேசவைத்தது காந்தியடிகளின் நோய். எரவாடா சிறையில் இருந்தவரை 1924 ஜனவரியில் பூனா சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். பம்பாயிலிருந்து அவருக்குத் தெரிந்த மருத்துவர்கள் வந்து சேர நேரமில்லை. ஆங்கிலேயரான கர்னல் மேடக்கே கத்தியை எடுக்கவேண்டியிருந்தது. ஏதாவது ஆகிவிட்டால் நாடு கொந்தளிக்குமே! வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை அழைத்தார்கள். சம்மதக் கடிதத்தை அவர் எழுத, காந்தி நடுங்கும் கையால் கையெழுத்திட்டார். ஜனவரி 12 இரவு அறுவையின் நடுவே மின்சாரம் நின்றுபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். பிப்ரவரி 5-ல் அரசு அவரை விடுதலை செய்தது.

சரி, பூச்சிக்கும் குடல்வாலுக்கும் என்ன தொடர்பு? 1901-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் இருந்த மெச்னிகோஃப், குடல்வால் நோய்க்குப் புழுக்களும் காரணம் என்றார். தயிர் சாப்பிட்டால் ஆயுள் கூடும் என்று சொன்னவரும், 1908-ல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே. நம் பாட்டிமார் கட்சிக்கு ஒரு விஞ்ஞானியே சாட்சி!

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. நாம் கீரிப்பூச்சி என்று சொல்லும் நூல்புழு, குடல்வாலிலும் அதை ஒட்டிய குடலிலும் குடியிருப்பதுதான். வெள்ளை நூல் போல, பெண்புழு ஒரு சென்டிமீட்டர் நீளம். அறுத்தெடுத்த குடல்வாலைச் சோதிக்கும்போது சிலவற்றில் இது இருக்கிறது. ஆனால் அவற்றில் பலவற்றில் வீக்கமோ சீழோ இல்லை. புழு வாயை அடைத்து நோயை உண்டாக்குவது அபூர்வம். அசல் நோய் போலவே வலியை மட்டும் கிளப்பிவிடுவதும் உண்டு. பல நேரம் அது வெறுமனே அங்கே குடியிருக்கும், அவ்வளவுதான்.

ஆபத்து இங்கேதான். வலி பூச்சியால் வந்ததா, குடல்வால் பழுத்து வந்ததா என்று வெளியிலிருந்து சொல்லமுடியாது. பூச்சி என்று நினைத்துப் பேதிக்குக் கொடுத்தால், பழுத்த குடல்வால் வெடிக்கும் அபாயம் கூடும். அந்த நாளில் "பூச்சி வலி" என்று போன உயிர்களில் எத்தனை இப்படிப் போயினவோ!

இன்று நம் மாவட்டத்து ஜவ்வாது மலையே பூச்சி மருந்து ஆராய்ச்சியில் இடம்பெற்றுவிட்டது. வேலூர் சி.எம்.சி. நடத்திய 'டீவார்ம்3' ஆய்வில், அங்கேயும் திமிரி வட்டாரத்திலும் கொக்கிப்புழு முதலான மண்வழிப் புழுக்களை ஒழிக்க, பாதிப் பகுதிகளில் பெரியவர்களுக்கும் சேர்த்து அல்பெண்டசோல் கொடுத்துப் பார்த்தார்கள். 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் கொடுப்பது அதே மாத்திரைதான். நூல்புழுவும் அதற்குச் சாகும், முட்டை சாகாது. அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும், வீட்டில் எல்லோருமாக, மருத்துவர் சொன்னபடி சாப்பிடவேண்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவையுங்கள்.

பேரப்பிள்ளைக்குத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றில் வந்து நின்றால், கூடவே வாந்தியும் காய்ச்சலும் இருந்தால், விளக்கெண்ணெயை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.