பனிக்கடலின் அனாமத்துக் கணக்கு

காமர்ஸ் படிக்கிறவங்களுக்கு இது பழகிய வேதனைதான். இருப்பாய்வு போட்டு முடித்தால் பற்றும் வரவும் ஒட்டாது. வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு அப்போதைக்குத் தப்பித்துக்கொள்வோம். முதலாமாண்டில் எனக்கு 43 ரூபாய் இடித்தது. பேசாமல் ஒரு எண்ணைத் திருத்தி ஒட்ட வைத்துவிட்டேன். பார்த்த சார் திட்டவில்லை. "அந்த 43ஐ ஏம்பா அழிச்சே? தப்பு எங்கே இருக்குன்னு சொல்லப்போறதே அதுதானே" என்றார்.

துருவக் கடல்களில் பனிக்கட்டி எப்படி நகர்கிறது என்று கணக்குப் போட்டவர்களின் வரலாற்றைப் படித்தபோது அந்த 43 ரூபாய்தான் ஞாபகம் வந்தது. முன்னாடியே சொல்லிவிடுகிறேன், நான் இயற்பியல் படிப்பவன் இல்லை. கணக்குப் பிள்ளையின் கண்ணோடுதான் இதைப் படித்தேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் பேசுவது மலையிலிருந்து இறங்கும் பனிப்பாறையைப் பற்றி அல்ல. கடல்நீரே உறைந்து, ஓரிரு மீட்டர் தடிமனில் மேலே மிதக்குமே, அந்தப் பனி. பார்க்கத் தரை மாதிரி இருக்கும். ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும்.

1881 ஜூனில் ஜீனெட் என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று வருடம் கழித்து அதன் சாமான்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் கிடைத்தன. பூமியின் உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம்! பனியே சுமந்துகொண்டு வந்திருக்க வேண்டும் என்றார் நார்வேயின் வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன். அதைப் படித்த ஃப்ரிட்யோஃப் நான்சென், பனி நெருக்கினால் நசுங்காமல் மேலே எழும்பும்படி உருண்டையான அடிப்பாகத்தோடு 'ஃப்ராம்' என்ற கப்பலைக் கட்டினார். 1893 செப்டம்பரில் வேண்டுமென்றே அதைப் பனியில் சிக்க வைத்தார். 1896 ஆகஸ்டில் கப்பல் மறுபக்கம் வெளியே வந்தது. போன 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அந்த மூன்று வருடக் குறிப்பேட்டில்தான் முதல் அனாமத்து இருந்தது. காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 2 சதவீத வேகத்தில் பனி போகிறது, சரி. ஆனால் காற்று அடிக்கும் திசையில் போகவில்லை. அதற்கு வலப்புறமாக 20 முதல் 40 டிகிரி வரை விலகிப் போகிறது. பூமி சுழல்வதுதான் காரணம் என்று நான்சென் சரியாகவே ஊகித்தார். அதைக் கணிதமாக எழுதியவர் வாக்ன் வால்ஃப்ரிட் எக்மன் என்ற ஸ்வீடன் நாட்டு இளைஞர். நீரின் மேல் அடுக்கு தனக்குக் கீழே உள்ள அடுக்கை இழுக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் இன்னும் கொஞ்சம் வலப்புறம் திரும்பி, இன்னும் மெதுவாகப் போகிறது. 1902லும் 1905லும் அவர் வெளியிட்ட இந்த விளக்கம், எக்மன் சுருள் என்ற பெயரில் இன்றும் கடலியல் பாடத்தில் இருக்கிறது.

இரண்டாவது அனாமத்துதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

1912 அக்டோபரில் 'செயின்ட் அன்னா' என்ற ரஷ்யக் கப்பல் காரா கடலில் பனியில் மாட்டியது. தலைவர் புருசிலோவ். கப்பலில் மொத்தம் 24 பேர், அதில் எர்மீனியா ஜ்தான்கோ என்ற ஒரு பெண். ஃப்ராம் மாதிரி திட்டம் போட்டுச் சிக்கிய கப்பல் இல்லை இது. ஒன்றரை வருடம் பனியோடு வடக்கே இழுபட்டுப் போனது. 1914 ஏப்ரலில் வலேரியன் அல்பனோவ் என்ற மாலுமி 13 பேரோடு பனிமேல் நடந்து கிளம்பினார். மூன்று பேர் சில நாளிலேயே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். மீதிப் பதினோரு பேரில் பிழைத்தது இரண்டே பேர், அல்பனோவும் கொன்ராட் என்பவரும். அவர்களை ஃப்ரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கண்டெடுத்தது 'ஸ்வியதோய் ஃபோகா' என்ற கப்பல். சோறு தண்ணிக்கே வழியில்லாத அந்த நடையிலும், கப்பல் எந்த நாளில் எங்கே இருந்தது என்ற குறிப்புகளை அல்பனோவ் விடாமல் சுமந்து வந்திருந்தார்.

ஃபோகா கப்பலில் போன பயணக் குழுவில் விளாதிமிர் விஸே என்பவரும் ஒருவர். பத்து வருடம் கழித்து, 1924ல், அவர் அந்தக் குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். இந்தக் காற்றுக்குப் பனி இப்படிப் போயிருக்க வேண்டும், ஆனால் இப்படிப் போயிருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கணக்கு ஒட்டியது. வடக்கே 78க்கும் 80 டிகிரிக்கும் நடுவில் மட்டும் இடித்தது. வேறு யாராவது என்றால் "பாவம், பசியில் இருந்தவர்கள் தப்பாக அளந்திருப்பார்கள்" என்று தள்ளியிருப்பார்கள் (நான் நிச்சயம் தள்ளியிருப்பேன்). விஸே தள்ளவில்லை. கிழக்குப் பக்கம் எதுவோ பனியை மறிக்கிறது, அங்கே யாரும் பார்க்காத தீவு இருக்க வேண்டும் என்று எழுதினார்.

1930 ஆகஸ்டில் 'ஜார்ஜி செதோவ்' என்ற பனியுடைப்புக் கப்பல் அந்தப் பக்கம் போனது. விஸேயும் கப்பலில் இருந்தார். தீவு இருந்தது! தட்டையான, வெறிச்சோடிய தீவு. இன்று வரைபடத்தில் அதன் பெயர் விஸே தீவு. மேஜையில் உட்கார்ந்து, ஒட்டாத கணக்கிலிருந்து ஒரு நிலத்தையே கண்டுபிடித்திருக்கிறார் மனுஷன்!

அடுத்த நாற்பது வருடத்தை வேகமாகத் தாண்டிவிடலாம். சோவியத் அறிஞர் ஜூபோவ், வானிலை வரைபடத்தின் சம அழுத்தக் கோடுகளை ஒட்டியே பனி நகர்கிறது என்று ஒரு சுலப விதி சொன்னார். திறந்த கடலில் இது நன்றாகவே வேலை செய்தது. குளிர்காலத்தில் பனி நெருங்கி அடைத்துக்கொண்டால், அதுவும் கரையோரத்தில், விதி கவிழ்ந்தது. காற்று, நீரின் இழுவை, பூமியின் சுழற்சி, கடல்மட்டச் சரிவு என்று நாலையும் எழுதிக் கூட்டினாலும் மிச்சம் நின்றது. அந்த மிச்சம், பனிப்பாளங்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுவது.

அதை அளக்கத்தான் 1970களில் ஐட்ஜெக்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது. 1975ல் ப்யூஃபோர்ட் கடலின் பனிமேல் முகாம்கள் போட்டு உட்கார்ந்தார்கள். அந்த அக்டோபரில் முக்கிய முகாம் இருந்த பாளமே உடைந்தது. பனி எப்படி உடைகிறது என்று பார்க்கப் போனவர்களின் காலடியிலேயே பாடம் நடந்துவிட்டது :-)

1979ல் வில்லியம் ஹிப்ளர், ஆர்க்டிக் கடலை 125 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணினியில் ஓட்டிய மாதிரிதான் இன்றைய மாதிரிகள் பலவற்றுக்கும் மூதாதை. அவருடைய யோசனையை டவுன் பஸ்ஸை வைத்துச் சொல்லலாம். பஸ்ஸில் இடம் இருந்தால் நீங்கள் தள்ளுவது பக்கத்து ஆளோடு நின்றுவிடும். நெரிசல் என்றால் படிக்கட்டில் தள்ளினால் டிரைவர் சீட் வரை போகும். பனியும் அப்படித்தான். ஒரு கட்டம் முழுக்கப் பனி மூடியிருந்தால் அதன் வலிமை 100 என்று வையுங்கள். 90 சதவீதம் மூடியிருந்தால் வலிமை 14க்கு வந்துவிடும். 80 சதவீதம் என்றால் வெறும் 2! சேமிப்புக் கணக்கின் கூட்டுவட்டிக்குப் பின்னால் இருக்கும் அதே அடுக்குக் கணக்குதான், தலைகீழாக ஓடுகிறது. கொஞ்சமாக நெருக்கினால் பாகு மாதிரி மெல்ல நகரும், அளவு மீறினால் நொறுங்கி மேடாகும் என்று வைத்தார். 1997ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ஹங்கே, டுகோவிச் இருவரும் இதே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டு வேகமாகச் செய்ய வழி கண்டார்கள்.

அதோடு ஒட்டிவிட்டதா என்றால், இல்லை. 2006ல் 'டாரா' என்ற பாய்மரக் கப்பல் ஃப்ராம் போலவே பனியில் சிக்க வைக்கப்பட்டது. ஃப்ராமுக்கு ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்த பயணம், டாராவுக்கு 500 நாளில் முடிந்தது. ஒரு கப்பலின் அதிர்ஷ்டம் என்று விட முடியாது. 1979 முதல் 2007 வரையிலான மிதவைப் பதிவுகளைப் பார்த்த பியர் ராம்பால் குழு, குளிர்காலத்தில் பனியின் வேகம் பத்தாண்டுக்கு 17 சதவீதம் கூடியிருப்பதாக 2009ல் எழுதியது. காற்று அந்த அளவுக்குக் கூடவில்லை. பனி மெலிந்து வலிமை இழந்திருக்கிறது, சுலபமாக உடைகிறது, உடைந்தது வேகமாக ஓடுகிறது. அன்றைய பருவநிலை மாதிரிகள் இந்த வேகத்தைக் காட்டவில்லை என்று 2011ல் அதே குழு இன்னொரு கட்டுரை போட்டது. வேகமாக ஓடும் பனி சீக்கிரமே தெற்கே வெளியேறி உருகிவிடும். எனவே இது 43 ரூபாய்ச் சமாச்சாரம் இல்லை. பனியைப் பாகாக நினைக்காமல், விரிசல் விடும் ஓடாக நினைத்து எழுதிய 'நெக்ஸ்ட்சிம்' போன்ற புதிய மாதிரிகள் இதற்குப் பிறகு வந்தவை.

செயின்ட் அன்னாவை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஜ்தான்கோ உட்பட 13 பேர் அதிலேயே தங்கிவிட்டார்கள். 2010ல் ஃப்ரான்ஸ் ஜோசஃப் தீவுகளில் கிடைத்த எலும்புகளும் நாட்குறிப்புத் தாள்களும் நடந்து போனவர்களுடையவை. இன்றைய மாதிரியில் அந்தக் கப்பலை ஓட்டிப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அல்பனோவ் கொண்டு வந்த குறிப்பு 1914 ஏப்ரலோடு முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கப்பலைச் சுற்றி அடித்த காற்றை எழுதி வைத்தவர்களின் ஏடு கப்பலிலேயே இருக்கிறது.