பரஸ்பர உதவி

பரஸ்பர உதவி என்பது ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி. பரஸ்பரம் என்பது வடசொல். 'பர' என்ற சொல் இரட்டித்துப் பிறந்தது. கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவு இதில் நிலையானதன்று. இன்று கொடுப்பவர் நாளை பெறக்கூடும். இதுவே தானத்திலிருந்து இதை வேறுபடுத்துகிறது.

இதை ஒரு சமூகக் கோட்பாடாக வளர்த்தவர் ரஷ்ய அறிஞர் பீட்டர் குரோபோட்கின். 1902இல் இதைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தபோது, இன்று லண்டனின் பகுதியாகவுள்ள பிராம்லியில் வாழ்ந்தார்.

அதே லண்டனில் 2020 மார்ச்சில், கொரோனா பெருந்தொற்றின்போது, இச்சொல் தெருவுக்கு வந்தது. லூயிஷமில் அண்டை வீட்டார் ஒரு குழு தொடங்க, நாடெங்கும் அவ்வகைக் குழுக்கள் பரவின. கதவிடுக்கில் ஒரு துண்டுச்சீட்டு விழும். அதில் ஒரு பெயர், ஒரு தொலைபேசி எண், 'மளிகை, மருந்து, பேச்சுத்துணை எது வேண்டும்?' என்ற கேள்வி. தெருவுக்கொரு வாட்ஸ்அப் குழு. பையை வாசலில் வைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி நிற்பார்கள். மார்ச் 24 அன்று அரசு 2,50,000 தன்னார்வலர்களைக் கேட்டபோது 7,50,000 பேருக்குமேல் பதிந்தனர். ஆனால் அது மேலிருந்து பணி பகிரும் ஏற்பாடு, பரஸ்பர உதவி ஆகாது.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ஒப்புரவு. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் அதற்குரியது. ஊருணியும் ஊர்நடுவே பழுத்த மரமும் அங்கே உவமைகள். ஒப்புரவு கைம்மாறு கருதாதது. பரஸ்பர உதவியோ கைம்மாற்றுக்கும் இடம் தருவது.