பத்து நிமிட நிறுத்தம்

மணியாச்சியில் இறங்கி ஊருக்குள் போகிறவர்களைவிட வண்டி மாறுகிறவர்களே எப்போதும் அதிகம். சுற்றிலும் கரிசல், உடைமரம், ஊரும் சிறியது. இங்கே ஜங்ஷன் வரக் காரணம் தூத்துக்குடித் துறைமுகம். 1876-ல் தென்னிந்திய ரயில்வே மதுரையிலிருந்து பாதை போட்டபோது பருத்தி ஏற்றும் துறைமுகத்துக்குத்தான் முதல் மரியாதை. ஜில்லாவின் தலைநகரான திருநெல்வேலிக்குக் கிடைத்தது மணியாச்சியில் பிரிகிற கிளைப்பாதை. வடக்கே போவது கலெக்டரே ஆனாலும் சுமார் 30 கிலோமீட்டர் வந்து, இங்கே மெயிலுக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது.

1911 ஜூன் 17 காலை, கொடைக்கானலுக்குக் கிளம்பிய கலெக்டர் ஆஷ் அப்படித்தான் காத்திருந்தார். முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அவரும் மனைவி மேரியும். அவர்கள் வந்த வண்டி 10.38-க்கு மணியாச்சியில் நின்றது. கொழும்புக் கப்பலில் வந்தவர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து வரும் போட் மெயிலுக்கு நேரம் 10.48. அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டியில் ஏறினார். கையில் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கி. ஆஷைச் சுட்டுவிட்டு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து, தன் வாயிலும் சுட்டுக்கொண்டார். வயது 25.

ஆஷ் மீதிருந்த கோபம் 1908-ன் கோபம். தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்து சுதேசி இயக்கத்தை நசுக்கியவர் அவர். அந்த இயக்கத்தை அங்கே முன்னின்று நடத்தியவர், மணியாச்சிக்கு அருகிலுள்ள ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.; ஆஷ் சுடப்பட்டபோது அவர் சிறையில் இருந்தார். ஆனால் இடம் ஏன் மணியாச்சி? என் கணிப்பில், அதில் ரயில்வே கால அட்டவணைக்கும் பங்குண்டு. பங்களாவில் காவலோடு இருக்கும் துரை, நின்ற வண்டியில் இப்படி உட்கார்ந்திருப்பது இங்கேதான்.

மூன்றே ஆண்டில் அந்தப் போட் மெயிலும் போய்விட்டது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் கொழும்புப் பயணிகள் தனுஷ்கோடி வழிக்கு மாறினார்கள். 1964 புயலில் தனுஷ்கோடி நிலையமே அழிந்தது. மணியாச்சி மட்டும் வண்டி மாற்றிக்கொண்டே இருக்கிறது.

பெயர்ப்பலகையில் இப்போது 'வாஞ்சி மணியாச்சி'. பேச்சில் வாஞ்சி வருவதில்லை. தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நிற்கிறவர் கேட்பது ஒன்றே ஒன்று: "மணியாச்சியில எத்தனை நிமிஷம் நிக்கும்?"