பெயர் மட்டும் மாறும் படம்

சிறுகடை ஒன்றுக்கு விளம்பரப் படம் எங்கிருந்து வருகிறது? வடிவமைப்பாளர்கள் இன்று 'ஸ்டாக் போட்டோ' என்றழைக்கும் ஆயத்தப் படத்திற்கு, கணினிக்கு வெகுமுன்னரே தென்தமிழகத்தில் ஒரு வரலாறு உண்டு.

அதைப் புளியறையிலிருந்து பார்ப்பது பொருத்தம். ஆரியங்காவுக் கணவாய்ச் சாலையில் உள்ள இவ்வெல்லையூர் முன்னர் திருவிதாங்கூரிலும், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டைப் பகுதியோடு சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கணவாயின் இருபுறமும் கடைச் சுவர்களில் மொழி மாறும். தெய்வப் படம் மாறாது.

அப்படங்களின் முன்னோடி திருவிதாங்கூர்க்காரரே. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மா 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். அவருடைய தேவியரைச் சோப்பு வணிகர்கள் நாட்காட்டிகளில் பயன்படுத்திக்கொண்டனர். ஓவியம் ஒன்று, அதை ஒட்டிய சரக்குகள் பல.

தமிழகத்தில் இம்முறை சிவகாசியில் வேரூன்றியது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு லேபில்கள் தேவைப்பட்டன. லேபில்களிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. அதற்கு வேண்டிய தெய்வங்களை வரைந்து தந்தவர்களுள் தலையாயவர் கோவில்பட்டியில் குடியேறிய சி. கொண்டையராஜூ (1898–1976). நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை தீட்டியவர் அவர்.

தொழிலின் இயக்கம் எளிது. அச்சகம் படங்களை முன்கூட்டியே அச்சிட்டு 'ஆல்பம்' ஆக்கும். இன்றும் ஆடிப்பெருக்கன்று புதிய ஆல்பங்கள் வெளியாகின்றன. முகவர் கொண்டுவரும் ஆல்பத்தில் கடைக்காரர் ஒரு முருகனைத் தேர்வார். கீழே கடைப்பெயர் அச்சாகும். அதே முருகன் நகைக்கடைக்கும் போவார், உரக்கடைக்கும் போவார். தமிழுக்குப் பதில் மலையாளம் அச்சிட்டால் கணவாயையும் கடப்பார்.

2000இல் கனடாவின் கால்கரியில் தொடங்கிய ஐஸ்டாக்போட்டோ இதையே இணையத்தில் செய்தது. 2006இல் கெட்டி நிறுவனம் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கும் கடைக்காரர் வாங்குவது பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமே. அதே சிரிக்கும் குடும்பம் எதிர்க்கடைப் பலகையிலும் சிரிக்கலாம்.

ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. நாட்காட்டி முருகன் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் பொதுவானவர். ஆதலால் பல கடைகளில் தோன்றியும் அவர் பொய்யாகவில்லை. அந்நிய அலுவலகத்தின் புன்னகைக் குழுவோ, இல்லாத ஊழியர்களை இருப்பதாகக் காட்டுகிறது. இன்னொன்று: கொண்டையராஜூவின் கையொப்பம் படத்தின் ஓரத்தில் இருந்தது. இன்றைய விளம்பரப் பலகையில் படமெடுத்தவர் பெயரைக் காண்பது அரிது.

இங்கே சட்டம் ஒரு வழி திறந்து வைத்திருக்கிறது. இணையத்தில் தேடியெடுத்த படம் எவருக்கும் சொந்தமற்றதன்று. ஆனால் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்திற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையேல், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். எனவே உள்ளூர்ப் புகைப்படக்காரரை அழைத்துத் தன் கடையை, தன் சரக்கை, மழையில் நனைந்த தன் தெருவைப் படமெடுக்கச் சொல்லும் புளியறை வணிகர், ஆல்பமும் இணையமும் தராத ஒன்றைப் பெறுகிறார்: வேறெந்தக் கடையின் பெயரும் கீழே பொருந்தாத படத்தை. எடுத்தவர் பெயரை அதன் ஓரத்தில் பொறித்துவிட்டால், கோவில்பட்டி மரபும் காக்கப்படும்.