துர்கு நகரில் இரண்டரை நாள்



மகள் ஹெல்சிங்கியில் வேலை பார்ப்பது உங்களில் பலருக்குத் தெரியும். வரும் டிசம்பரில் நானும் துணைவியாரும் அவளைப் பார்க்கப் போகிறோம். அவளுக்கு விடுப்பு கிடைப்பது மூன்றே நாள். "எந்த ஊர் பார்க்கணும்னு நீங்களே சொல்லுங்கப்பா" என்றாள். பனிமான் வண்டி, வடதுருவ ஒளி என்று எல்லோரும் வடக்கே லாப்லாந்துக்குத்தான் ஓடுகிறார்கள். நான் துர்கு என்றேன். போனில் சிறிது நேரம் பேச்சே இல்லை. ஏன் துர்கு என்று அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து உங்களுக்கும் எழுதுகிறேன். நாற்பத்தைந்து நிமிடத்தில் மணி அடிக்கும் தொல்லை இங்கே இல்லை, பொறுமையாகப் படியுங்கள்.

அட்லஸை எடுத்துப் பின்லாந்தின் தென்மேற்கு மூலையைப் பாருங்கள். அவுரா என்ற சிறிய ஆறு கடலில் சேரும் இடம்தான் துர்கு. ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பின்லாந்தின் மிகப் பழைய நகரம் இது. 1229-இல் போப் 9-ஆம் கிரகோரி, ஆயரின் இருக்கையை இடம் மாற்ற அனுமதித்து எழுதிய கடிதத்தை வைத்து நகரின் வயதைக் கணக்கிடுகிறார்கள். 2029-இல் 800 ஆண்டு நிறைகிறது. துர்கு என்றால் சந்தை. பழைய ரஷ்ய மொழியிலிருந்து வந்த சொல். ஸ்வீடிஷ்காரர்கள் இதே ஊரை ஓபு என்பார்கள். பின்லாந்து 1809 வரை ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்ததால், இன்றும் அங்கே இரண்டு மொழிகளிலும் பெயர்ப்பலகை உண்டு.

பணியிடைப் பயிற்சிக்குப் போன ஆசிரியர்கள் எல்லோருக்கும் "பின்லாந்து கல்வி முறை" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும். அந்த நாட்டின் முதல் அரிச்சுவடி எழுதியவர் துர்கு பேராலயப் பள்ளியின் தலைமையாசிரியர் என்பதை எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை. மிக்கேல் அக்ரிகோலா என்பது அவர் பெயர். 1543-இல் வெளிவந்த அந்தச் சிறு நூல்தான் பின்னிஷ் மொழியில் அச்சான முதல் புத்தகம். 1548-இல் புதிய ஏற்பாட்டையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். பிறகு துர்குவின் ஆயரும் ஆனார். மாஸ்கோவுக்குச் சமாதானம் பேசப் போய்த் திரும்பும் வழியில் 1557 ஏப்ரல் 9 அன்று இறந்தார். அந்த நாளைத்தான் இன்று பின்னிஷ் மொழி நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1640-இல் ஸ்வீடன் அரசி கிறிஸ்டினா காலத்தில், நாட்டின் முதல் பல்கலைக்கழகமும் இதே ஊரில் தொடங்கியது.

இவ்வளவு சொன்னதும் மகள், "அப்போ ஊர் முழுக்கப் பழைய கட்டடமா இருக்குமா?" என்று கேட்டாள். இருக்காது. நான் போக நினைப்பதற்கு அதுதான் காரணம்.

1809-இல் பின்லாந்து ரஷ்யாவின் கைக்குப் போனது. ஸ்வீடனுக்கு எதிர்க்கரையில் தலைநகரம் இருப்பது ஜார் மன்னர் முதலாம் அலெக்சாண்டருக்குப் பிடிக்கவில்லை. 1812-இல் தலைநகரம் ஹெல்சிங்கிக்கு மாறியது. அதிலிருந்து 15 ஆண்டு கழித்து, 1827 செப்டம்பர் 4 இரவு, ஒரு வீட்டில் பற்றிய தீ காற்றோடு சேர்ந்துகொண்டது. பெரும்பாலும் மர வீடுகள். ஆண்களில் பலர் தாம்பரே ஊர்ச் சந்தைக்குப் போயிருந்தார்கள். நகரின் முக்கால் பங்கு சாம்பலானது. 27 பேர் இறந்தார்கள், சுமார் 11,000 பேர் வீடிழந்தார்கள். பேராலயத்தின் கோபுரமும் உட்புறமும் எரிந்து, சுவர்கள் மிஞ்சின. மறு ஆண்டே பல்கலைக்கழகத்தையும் ஹெல்சிங்கிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

வீட்டை மறுபடி கட்டலாம். காகிதத்தை என்ன செய்வது? பின்லாந்தின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அன்று எரிந்தது. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில் சேர்க்கைப் பதிவேட்டை யார் கையிலும் கொடுக்கமாட்டேன், நினைவிருக்கிறதா? முப்பது வருடம் கழித்து ஒருவர் பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்து நிற்பார். அந்த ஒரு வரி இல்லையென்றால் அவருக்கு ஓய்வூதியம் இல்லை. ஒரு நாட்டுக்கே அந்த மாதிரிப் பதிவேடு போனால் எப்படியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பல்கலைக்கழக நூலகத்தில் ஏறத்தாழ 40,000 நூல்கள் இருந்தன. தப்பியவை சுமார் 800. அவற்றில் பெரும்பாலானவை அன்று நூலகத்திலேயே இல்லை. இரவல் போயிருந்தவை! நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராத மாணவர்களை நான் எத்தனை முறை வெளியே நிறுத்தியிருப்பேன். (இதைப் படித்துவிட்டு யாரும் இப்போது சாக்குச் சொல்ல வேண்டாம். என் புத்தகங்கள் இன்னும் சிலரிடம் இருக்கின்றன.)

அந்த இரவில் வார்த்தியோவுவோரி குன்றின் மேல் இருந்த வானாய்வகத்தில் ஆர்கெலாண்டர் என்ற இளம் வானியலாளர் விண்மீன்களைக் குறித்துக்கொண்டிருந்தார். தீயால் கணிப்பு தடைப்பட்டது என்று தன் குறிப்பேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் ஜெர்மனியின் பான் நகரில் 3,24,000-க்கும் மேற்பட்ட விண்மீன்களை அட்டவணைப்படுத்தியவர் இவர்தான். வானாய்வகம் தப்பிவிட்டது, இன்றும் நிற்கிறது.

அதே பக்கத்தில் லுவோஸ்தாரின்மாக்கி என்ற இடம். தச்சர், கொல்லர், தையல்காரர் போன்ற எளியவர்கள் ஊர் ஓரத்தில் கட்டிக்கொண்ட மர வீடுகள். கல்லால் கட்டிய பேராலயமே எரிந்தபோது இந்த மர வீடுகளைத் தீ தொடவில்லை. 1940 முதல் அந்தக் குடியிருப்பே கைத்தொழில் அருங்காட்சியகமாக இருக்கிறது. வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைக்கவில்லை, எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. எனக்குக் கோட்டையைவிட இதைப் பார்க்கத்தான் ஆசை. குளிர்காலத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை என்பதால் நேரத்தைப் பார்த்துச் சொல்லும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

தீக்குப் பிறகு ஊரைத் திட்டமிட்டவர் எங்கெல் என்ற கட்டடக்கலைஞர். ஹெல்சிங்கியின் வெள்ளைப் பேராலயத்தை வடிவமைத்ததும் அவரே. அகலத் தெருக்கள், வீட்டுக்கு வீடு இடைவெளி, நடுவில் மரங்கள் என்று, தீ தாவ முடியாதபடி வரைந்தார். ஆகவே துர்குவில் ஒரு தெரு ஏன் இவ்வளவு அகலம் என்று கேட்டால் அதற்கு விடை 1827.

இனி டிசம்பர் 24-க்கு வருகிறேன். அன்று நண்பகல் பேராலய மணி 12 அடித்ததும், பழைய பெருஞ்சதுக்கத்தில் பிரிங்கலா மாளிகையின் மாடத்திலிருந்து கிறிஸ்துமஸ் அமைதியை அறிவிப்பார்கள். பண்டிகையை அமைதியாகக் கொண்டாடுங்கள், குழப்பம் செய்பவருக்குத் தண்டனை கூடுதல் என்பது அதன் சாரம். நடுக்காலம் தொட்டு வரும் வழக்கம் இது. முன்பு வாசித்துவந்த ஏடும் 1827-இல் எரிந்துவிட்டது. வருடா வருடம் கேட்டுப் பழகிய நினைவிலிருந்து திரும்ப எழுதினார்கள். அந்த வாசகத்தைத்தான் இன்றும் பின்னிஷிலும் ஸ்வீடிஷிலும் வாசிக்கிறார்கள். நாடே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிறது. ரஷ்யாவுடன் போர் மூண்ட 1939-இல், கூட்டம் சேர்ந்தால் குண்டு விழுமோ என்ற பயத்தில் அறிவிப்பு நடக்கவில்லை. அமைதியை அறிவிக்கக்கூடத் துணிய முடியாத ஒரு கிறிஸ்துமஸ்.

கோட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் வரலாற்று ஆசிரியர் என்று யாரும் என்னை மதிக்கமாட்டீர்கள். 1280 வாக்கில் ஆற்றின் வாயில் கட்டத் தொடங்கியது. 1560-களில் இளவரசர் யோஹன் போலந்து இளவரசி காதரினாவை மணந்து இங்கே ஆடம்பரமாக வாழ்ந்தார். அண்ணன் 14-ஆம் எரிக் மன்னருக்குச் சந்தேகம். 1563-இல் கோட்டையைப் பிடித்துத் தம்பியைச் சிறையில் போட்டார். ஐந்தே ஆண்டில் நிலைமை தலைகீழ். தம்பி மன்னரானார், அண்ணன் அதே துர்கு கோட்டையில் கைதியாக இருந்தார். எரிக்கின் மனைவி காரின், சாதாரணக் குடும்பத்தில் பிறந்து அரசியானவர். கணவரிடமிருந்து பிரிக்கப்பட்டு இவரும் பிள்ளைகளோடு இங்கே அடைபட்டிருந்தார். 1612-இல் இறந்த அவர் கல்லறை துர்கு பேராலயத்தில் இருக்கிறது. அண்ணன் தம்பி இருவரையும்விட அந்த அம்மாவைத்தான் ஊர்க்காரர்கள் அன்போடு நினைக்கிறார்கள் என்று மகளின் தோழி சொன்னாராம். 1941 ஜூனில் சோவியத் குண்டுவீச்சில் கோட்டையும் எரிந்தது. பழுது பார்த்து முடிக்க 1961 ஆனது.

சரி, திட்டம் இதுதான். 22 காலை ரயில். அந்த நாட்களில் சூரியன் 9.40 வாக்கில் எழுந்து பிற்பகல் 3.30-க்குள் மறைந்துவிடும். ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் இல்லை. அதனால் வெளியே பார்ப்பதெல்லாம் பகலில், பேராலயமும் ஆற்றங்கரைக்குக் கீழே பழைய தெருக்களைத் தோண்டிக் காட்டும் அபோவா வேத்தூஸ் அருங்காட்சியகமும் இருட்டிய பின். 23 அன்று கோட்டை. பேராலயத்திலிருந்து ஆற்றோரம் சுமார் மூன்று கிலோமீட்டர் நடை. இடையில் போரி என்ற சின்னப் படகு இலவசமாக அக்கரை சேர்க்கும். 24 நண்பகல் சதுக்கத்தில்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் தகராறு. பிற்பகலுக்குள் கடைகள் அடைத்துவிடும், மாலையில் ரயிலும் குறைந்துவிடும், ஆகவே அறிவிப்பு முடிந்ததும் கிளம்பலாம் என்கிறாள் மகள். அன்று மாலை பின்லாந்து மக்கள் கல்லறைகளுக்குப் போய் ஒவ்வொன்றிலும் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். பனியில் அத்தனை சுடர்களையும் பார்க்காமல் திரும்புவதா என்கிறேன் நான். துணைவியார் இரண்டு பக்கமும் சேரவில்லை. பாலில் குழைய வேகவைத்த அரிசியில் பட்டைத்தூள் தூவித் தருவார்களாமே, அது எந்த ஓட்டலில் கிடைக்கும் என்பது அவர் கேள்வி.

அந்தக் கடலோரத்தில் டிசம்பரில் பனியைவிட வழுக்கும் ஐஸ்தான் அதிகமாம். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ள ஆணிப்பட்டை விற்கிறதாம். என் முழங்கால் உங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருக்கும் மாணவர்கள் யாராவது அதைப் போட்டு நடந்திருந்தால், இங்கிருந்தே வாங்கி வரலாமா, அங்கே வாங்கலாமா என்று கமெண்டில் எழுதுங்கள்.